தாத்தா பேர் வைத்த பிள்ளைகள்

ஸ்கார்ஹேவன் துறைமுகத்தில் நின்றுகொண்டு "கில்பர்ட் வைஸ்மேன்!" என்று கத்தினால் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்தப் பேரில் ஆள் இல்லை என்று அர்த்தமில்லை. ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். ஊரில் பாதிக் குடும்பம் வைஸ்மேன். மூத்த பையனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பேரைத்தான் வைக்க வேண்டும். அதனால் இருக்கிற நாலைந்து பேர்களே வீட்டுக்கு வீடு சுற்றிக்கொண்டிருக்கும். ஞானஸ்நானம், கல்யாணம், கல்லறை, இந்த மூன்றுக்கும்தான் அந்தப் பேர் வெளியே வரும். மற்ற நாளெல்லாம் பட்டப்பேர்தான்.

ரோடாவின் மகனுக்குக் குருவி என்று பேர். சின்ன வயதில் அப்படி ஒல்லியாக, ஓர் இடத்தில் நிற்காமல் தத்திக்கொண்டே இருப்பான். எல்ஸ்பெத்தின் மூத்த மகனுக்கு நெட்டை. அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ரோடாவும் எல்ஸ்பெத்தும் ஓரகத்திகள். அண்ணன் எல்ஸ்பெத்தைக் கட்டினான், தம்பி அலெக் ரோடாவைக் கட்டினான். ஆகவே இரண்டு பையன்களுக்கும் ஒரே தாத்தா, ஒரே பேர், கில்பர்ட் வைஸ்மேன். வயதிலும் சில மாத வித்தியாசம்தான். இப்போது இரண்டு பேரும் ஒரே மீன்பிடிப் படகில், ஷெட்லாந்து தீவுகளுக்கும் வடக்கே, கடலில் இருந்தார்கள்.

அம்மாக்கள் இரண்டு பேரும் எடின்பரோவுக்கு ஊர் சுற்ற வந்திருந்தார்கள்.

யோசனை எல்ஸ்பெத்துடையது. "ஐம்பது வயசாச்சு. கோட்டையில தினமும் ஒரு மணிக்குப் பீரங்கி சுடறானாம். டிவியில பாத்ததோட சரி. செத்துப் போறதுக்குள்ள ஒருதரம் நேர்ல கேக்கணும்" என்றாள். ரோடாவுக்கு வர மனசில்லை. பையன் கடலில் இருக்கும்போது வீட்டை விட்டு வந்தால் அவளுக்கு ஏதோ அடுப்பை அணைக்காமல் வந்த மாதிரி இருக்கும். ஆனால் எல்ஸ்பெத் ஒன்றைப் பிடித்தால் விட மாட்டாள். புருஷன் கடலோடு போனதிலிருந்து மூன்று பையன்களைத் தனியாக வளர்த்தவள். அவளிடம் முடியாது என்று சொல்லி ஜெயித்தவர்கள் ஊரில் கிடையாது. வெள்ளிக்கிழமை ரயிலேறினார்கள். இரண்டு ராத்திரி, ஞாயிற்றுக்கிழமை திரும்புவதாகத் திட்டம்.

சனிக்கிழமை காலையிலேயே ஒரு சம்பவம். தங்கியிருந்த விடுதிக்காரம்மா சாப்பாட்டு மேசைக்கு வந்து சிரித்த முகமாக, "சால்மன் வைக்கட்டுமா? புகை போட்டது, நல்லா இருக்கும்" என்றாள்.

ரோடா பாய்ந்து முள்கரண்டியைப் பிடித்துக்கொண்டாள். எல்ஸ்பெத் கைக்கு எட்டிய ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். விடுதிக்காரம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க. வீட்டு ஆளு கடல்ல இருக்கும்போது அந்தப் பேரச் சொல்லக் கூடாது. சொன்னா இரும்பத் தொடணும். சிவப்பு மீன்னு சொல்லுங்க" என்றாள் எல்ஸ்பெத்.

"அப்ப சிவப்பு மீன் வைக்கட்டுமா?"

"வேணாம். முட்டை போதும்."

அந்தம்மா உள்ளே போனதும் எல்ஸ்பெத் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ரோடாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஆரம்பமே சரியில்லக்கா" என்றாள்.

"உனக்கு எதுதான் சரியா இருந்திருக்கு? சாப்பிடு."

பிறகு கோட்டைக்கு ஏறினார்கள். கல் பாவிய ஏற்றத் தெரு, எதிர்க்காற்று, வழியெல்லாம் படம் எடுக்கிற கூட்டம். எல்ஸ்பெத் மூச்சு வாங்கிக்கொண்டு ஒவ்வொரு சந்துக்குள்ளும் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள். ரோடா தோள்பையை மார்போடு அணைத்தபடி நடந்தாள். அப்போதுதான் போன் அடித்தது. ஊரில் ரொட்டிக்கடை வைத்திருக்கிற டொரீன்.

"ரோடா, எங்க இருக்க?"

"கோட்டைக்கு ஏறிட்டு இருக்கோம். எல்ஸ்பெத் பாட்டு பாடாத குறைதான். ஏன்?"

"எங்கயாவது உக்காரு."

"நடுத்தெருவுல எங்கடி உக்கார்றது?"

"உக்காருன்னு சொல்றேன்ல."

அவள் உட்காரவில்லை. ஒரு கடைச் சுவரில் சாய்ந்துகொண்டாள். டொரீனின் தங்கை படகு ஆபீஸில் வேலை செய்கிறவள். கடலோரக் காவல்காரர்கள் ஆபீஸுக்குத் தகவல் சொல்லியிருக்கிறார்கள். வலையை இழுத்துச் சுற்றுகிற வின்ச் எந்திரத்திலிருந்து இரும்பு ரோப் அறுந்து ஒரு பையன் தலையில் அடித்துவிட்டது. ஹெலிகாப்டர் வந்து தூக்கிக்கொண்டு ஷெட்லாந்து ஆஸ்பத்திரிக்குப் பறந்துகொண்டிருக்கிறது.

"யாருடி?"

"கில்பர்ட் வைஸ்மேன்னு சொன்னாங்களாம்."

"எந்தக் கில்பர்ட்?"

"அதான் தெரியல ரோடா. அவங்களுக்கு என்ன குருவியும் நெட்டையுமா தெரியும்? எழுதி வச்சிருக்கற பேரத்தான் சொல்றாங்க. படகுக்குப் போட்டா லைன் கிடைக்க மாட்டேங்குது. அங்க காத்து அப்படி அடிக்குதாம்."

எல்ஸ்பெத் பத்தடி முன்னால் போயிருந்தாள். திரும்பி, "வாடி! ஒரு மணிக்குள்ள இடம் பிடிக்கணும்!" என்று கத்தினாள். ரோடாவின் முகத்தைப் பார்த்ததும் கத்தினது அப்படியே நின்றுபோனது. இறங்கி வந்தாள். ரோடா சொன்னாள். சொல்லும்போது அந்தப் பேரை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் தன் மகனை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

"வயசு சொன்னாங்களா?" என்றாள் எல்ஸ்பெத்.

"இருபது இருபத்தஞ்சுக்குள்ளன்னாங்களாம்."

"முடி? ஆளு உயரம்? ஏதாவது?"

"ஒண்ணும் சொல்லலக்கா."

இரண்டு பேரும் அவரவர் போனில் படகின் நம்பரைப் போட்டார்கள். பையன்களின் நம்பரைப் போட்டார்கள். கடலுக்குள் அதெல்லாம் எடுக்காது என்று தெரிந்தும் போட்டார்கள். ரோடா அலெக்குக்குப் போட்டாள். அவன் படகு ஆபீஸுக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தான். "ஹெலிகாப்டர் இறங்கினதும் ஆஸ்பத்திரில கேட்டுச் சொல்றேன்டி, லைனை விடு" என்று வைத்துவிட்டான்.

இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை. காத்திருக்க வேண்டியதுதான். தெருவில் நின்றால் ஆட்கள் இடித்துக்கொண்டு போனார்கள். விடுதிக்குப் போய் நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார இரண்டு பேருக்கும் பயம். "நடப்போம். நின்னா நான் விழுந்துடுவேன்" என்றாள் எல்ஸ்பெத். அப்படித்தான், யாரும் நம்ப மாட்டார்கள், அவர்கள் டிக்கெட்டைக் காட்டிவிட்டுக் கோட்டைக்குள்ளேயே போனார்கள். ஒரு கிழட்டு வழிகாட்டி எல்லாரையும் புனித மார்கரெட் பேரில் இருந்த சின்ன ஜெபக்கூடத்துக்குள் கூட்டிப்போனார். இவர்களும் கூட்டத்தோடு நுழைந்தார்கள். அங்கே பூ வைப்பதெல்லாம் மார்கரெட் என்று பேர் உள்ள பெண்கள் மட்டும்தான் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒரே பேரா வச்சுக்கிட்டு இவங்க பூ வைக்கிறாங்க. நாம என்ன பண்றோம் பாரு" என்றாள் எல்ஸ்பெத், ரோடாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

ரோடா ஜெபம் பண்ணப் பார்த்தாள். "ஆண்டவரே, என் பையனா இருக்கக் கூடாது" என்று ஆரம்பித்தாள். அந்த வார்த்தையின் மறுபாதி தானாக வந்து நின்றது. அவள் பையன் இல்லையென்றால் யார்? பக்கத்தில் எல்ஸ்பெத்தும் கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். அவள் என்ன கேட்டிருப்பாள் என்பது ரோடாவுக்கு எழுதிக் காட்டின மாதிரி தெரிந்தது. இரண்டு பேரும் ஒரே வாசலில் நின்று ஒருத்தர் பிள்ளைக்கு எதிராக ஒருத்தர் மனு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ரோடா சட்டென்று வெளியே வந்துவிட்டாள்.

மதிலோரம் பெஞ்சு இருந்தது. கீழே நகரம், அதற்கு அப்பால் கடல் கீற்று மாதிரி தெரிந்தது. இரண்டு பேரும் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள்.

"என் பையனாத்தான் இருக்கும். அவன்தான் எப்பவும் வின்ச் பக்கத்துல நிப்பான்" என்றாள் எல்ஸ்பெத்.

"அப்படிச் சொல்லாதக்கா. குருவிக்குத்தான் நிதானம் கிடையாது. அவன்தான் எங்கயாவது தலைய நீட்டியிருப்பான்."

வாய் இப்படிச் சொன்னது. மனசு வேறு கணக்குப் போட்டது. நெட்டை உயரமானவன், ரோப் அறுந்தால் முதலில் அவன் தலையில்தான் அடிக்கும். நெட்டைக்குத் தம்பிகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். எல்ஸ்பெத்துக்கு ஒருத்தன் போனாலும் வீட்டில் இரண்டு பேர் சாப்பாடு கேட்பார்கள். எனக்கு ஒருத்தன். ஒரே ஒருத்தன். இப்படி நினைத்த மறு நொடி அவளுக்கே உடம்பு கூசியது. எல்ஸ்பெத்தின் புருஷனைக் கரைக்குக் கொண்டுவந்த அன்றைக்கு, அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு துறைமுகத்தில் நின்றவள் ரோடாதான். எல்ஸ்பெத் சாய்ந்த கனம் இன்னும் கைகளில் இருக்கிறது. இன்னொரு தடவை இவளுக்கா? வேண்டாம். அப்படியானால் யாருக்கு? மனசு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது.

"நான் அப்பவே சொன்னேன்" என்றாள் எல்ஸ்பெத் திடீரென்று.

"என்ன சொன்ன?"

"வேற பேர் வைன்னு சொன்னேன். ஒரு வீட்ல ஒரு பேர் போதும்னு தலையால தண்ணி குடிச்சேன். கேட்டியா?"

ரோடாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "மூத்த பையனுக்குத் தாத்தா பேர்தான் வைக்கணும். உனக்கொரு நியாயம், எனக்கொரு நியாயமா? நீ அஞ்சு மாசம் முந்திப் பெத்துட்டா பேரு உன் சொத்தாயிடுமா?"

"மாமனாரே பரவாயில்லைன்னுட்டார்டி! வேற பேர் வச்சா எனக்கு வருத்தமில்லைன்னு என்கிட்ட சொன்னார்."

"உன்கிட்ட அப்படிச் சொல்லிட்டு அலெக்கிட்ட வந்து கண்ணத் தொடச்சார். சின்னவன் பிள்ளைக்கு என் பேர் வேணாம்போலன்னு. அது தெரியுமா உனக்கு?"

"தெரியாது" என்றாள் எல்ஸ்பெத். சற்றுக் கழித்து, "கிழவன் ரெண்டு பக்கமும் நல்லவனா இருந்துட்டுப் போய்ச் சேந்துட்டான். நாம இங்க உக்காந்து அனுபவிக்கிறோம்" என்றாள்.

ரோடாவுக்கு அழுகை வந்தது. எல்ஸ்பெத் கைக்குட்டையை எடுத்து அவள் மடியில் போட்டாள். பார்க்கவில்லை, போட்டாள், அவ்வளவுதான். சுற்றிலும் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. பீரங்கியைப் பார்க்க வந்தவர்கள். பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு, காதைப் பொத்துவது எப்படி என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டு நின்றார்கள்.

அலெக்கின் போன் வந்தது.

"நம்ம பையன் இல்லடி!" என்றான். மூச்சு வாங்கியது அவனுக்கு. "ஆஸ்பத்திரிக்குப் போட்டேன். பிறந்த தேதி கேட்டாங்க. சொன்னேன். அந்தத் தேதி இல்ல, இவரு வேறன்னுட்டாங்க. நம்ம பையன் இல்ல ரோடா!"

ரோடா என்ன செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. பெஞ்சிலிருந்து எழுந்து, "ஆண்டவரே! ஆண்டவரே!" என்று கத்தினாள். சிரித்தாள். கையை மேலே தூக்கிச் சின்னப்பெண் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றினாள். பக்கத்தில் நின்றவர்கள் ஏதோ நல்ல செய்தி என்று அவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அப்புறம்தான் எல்ஸ்பெத் கண்ணில் பட்டாள். அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து அசையவில்லை. நிமிர்ந்து ரோடாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா" என்று ரோடா அவளைக் கட்டிக்கொண்டாள். பலகையைக் கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. "அக்கா, ஒண்ணும் ஆகாதுக்கா. நெட்டை நல்ல திடமான பையன்..."

"போனைக் குடு" என்றாள் எல்ஸ்பெத்.

"அக்கா..."

"குடுடீ." வாங்கிக் காதில் வைத்தாள். "அலெக், நான் பேசறேன். என்ன தேதி சொன்ன அவங்ககிட்ட?"

அலெக் சொன்னது ரோடாவுக்குக் கேட்கவில்லை. எல்ஸ்பெத்தின் முகத்தில் ஏதோ ஒன்று மாறியது. கன்னத்தில் நிறம் திரும்பி வந்தது.

"ஜூன் பதினெட்டா? அலெக், அது உன் கல்யாண நாளு."

போனை ரோடாவிடம் நீட்டினாள். "உன் புருஷன் உன் பையன் பிறந்த நாளச் சொல்லல" என்றாள்.

ரோடா போனைப் பிடுங்கினாள். "யோவ்! ஏப்ரல் ஒம்பதுய்யா! பெத்த பிள்ளை எப்பப் பிறந்தான்னு தெரியாதா உனக்கு?"

"அவன் பிறந்தப்ப நான் ஃபேரோ தீவுப் பக்கம் கடல்ல இருந்தேன்டி! எனக்கு எப்படித் தெரியும்!"

"வருஷா வருஷம் கேக் வெட்டினோமே!"

"வெட்டினது நீ. நான் தின்னேன்." அவன் குரல் உடைந்தது. "ரோடா, நான் பதட்டத்துல... மறுபடி நான் போட்டா இந்த ஆளு யாரோன்னு பேச மாட்டாங்க. அம்மா பேசினாத்தான் நம்புவாங்க. நம்பர் அனுப்பறேன். நீ பேசு."

நம்பர் வந்தது. போன் இரண்டு பேருக்கும் நடுவில் பெஞ்சில் கிடந்தது. ரோடாவுக்கு எல்ஸ்பெத்தின் பக்கம் திரும்பவே முடியவில்லை. தான் சுற்றின சுற்று, தான் சிரித்த சிரிப்பு எல்லாவற்றையும் அவள் பார்த்தாகிவிட்டது. துடைத்துப்போட முடியாது.

"நீ பேசுக்கா."

"மாட்டேன். நீ பேசு."

"எனக்குக் கை வரல."

"எனக்கு மட்டும் வருதா?"

அந்தச் சமயம் பீரங்கி வெடித்தது. மதில் அதிர்ந்த மாதிரி இருந்தது. கூட்டம் துள்ளி விழுந்து, பிறகு ஓவென்று சிரித்துக் கை தட்டியது. ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. எல்ஸ்பெத் இமைகூடத் தட்டவில்லை. இதைக் கேட்கத்தான் அத்தனை தூரம் வந்திருந்தாள்.

ரோடா போனை எடுத்தாள். "முதல்ல உன் பையனுக்குக் கேக்கறேன்" என்றாள்.

"என்ன?"

"நெட்டை தேதிய முதல்ல சொல்றேன். இல்லன்னுட்டா நீ எழுந்திருச்சுப் போ. அதுக்கப்பறம் என்னுது."

எல்ஸ்பெத் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ரோடா நம்பரைப் போட்டுவிட்டாள். நல்ல மனசினால் மட்டும் அவள் அப்படிச் செய்யவில்லை. தன் மகனின் தேதியைச் சொல்ல அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. அதுவும் உண்மைதான். கொஞ்ச நேரம் தள்ளிப்போட முடிந்தால் அதுவே போதும் என்றிருந்தது.

ஒரு நர்ஸ் எடுத்தாள். வயதான குரல். "நீங்க யாரு?"

"கில்பர்ட் வைஸ்மேனோட அம்மா."

"பிறந்த தேதி சொல்லுங்க."

ரோடா யோசிக்கவே இல்லை. அந்தப் பிரசவத்துக்கு எல்ஸ்பெத்தின் பக்கத்தில் நாலு மாச வயிற்றோடு நின்றவள் அவள். "நவம்பர் ரெண்டு."

காகிதம் புரள்கிற சத்தம் கேட்டது. எல்ஸ்பெத் ரோடாவின் கோட்டுக் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"இல்லம்மா. அந்தத் தேதி இல்ல. இப்பத்தான் ஒருத்தரு பேசினாரு, அவரும் வேற ஒண்ணு சொன்னாரு."

ரோடா எல்ஸ்பெத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். இல்லை என்று. பிடி தளர்ந்தது. எல்ஸ்பெத் மூச்சை விட்டாள். நெஞ்சின் அடியிலிருந்து, காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சு. உடனே அதை விடக் கூடாது என்று நினைத்தவள் மாதிரி வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

"ஏப்ரல் ஒம்பது" என்றாள் ரோடா போனில்.

"எத்தனை தேதிம்மா வச்சிருக்கீங்க? நெஜமாவே நீங்க அம்மாவா?"

"ரெண்டு பசங்கம்மா. ஒரே பேரு. ஓரகத்தி பையனும் என் பையனும். ஒரே படகு. நான் ஏப்ரல் ஒம்பதோட அம்மா."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. குரல் இறங்கியது. "தாத்தா பேரா?"

"ஆமாம்மா."

"எங்க தீவுலயும் இதே கூத்துதான். என் தம்பியும் என் பெரியப்பா மகனும் இப்படித்தான்." பிறகு சொன்னாள், "ஏப்ரல் ஒம்பதுதான். உங்க பையன்தான் இங்க இருக்கறது. உக்காந்திருக்கீங்களா?"

மண்டை ஓட்டில் விரிசல். உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது. கொண்டு வரும்போது நினைவில்லை, இப்போது கண்ணைத் திறக்கிறான், மூடுகிறான். இங்கே அந்த ஆபரேஷன் செய்ய வசதியில்லை. விமானத்தில் அபர்டீனுக்கு அனுப்புகிறார்கள், சாயங்காலம் அங்கே செய்வார்கள். நர்ஸ் ஒவ்வொன்றாக நிறுத்திச் சொன்னாள்.

"பிழைச்சுக்குவானா?"

"நான் அதச் சொல்லக் கூடாதும்மா. டாக்டருங்களே இன்னும் சொல்லல. நீங்க அபர்டீனுக்குக் கிளம்புங்க. விமானம் ஏறினதும் கூப்பிடறேன்."

போன் நின்றது. பீரங்கி பார்த்த கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. எல்ஸ்பெத் இன்னும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. பாதி ரோடாவுக்காக, பாதி வேறெதற்காகவோ. அவள் தோள் குலுங்கியதில் அழுகை எது, நிம்மதி எது என்று பிரிக்க முடியவில்லை.

"கைய எடுக்கா" என்றாள் ரோடா. "சந்தோஷப்பட்டுக்கோ. நான் படலையா? எம்பிக் குதிச்சேனே."

"வாயை மூடுடீ" என்றாள் எல்ஸ்பெத். கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்தாள். "ஸ்டேஷனுக்கு எப்படிப் போறது? வந்த வழியா, இந்தச் சந்துப் படிக்கட்டா?"

"நீ ஏன்? ரூம் நாளை வரைக்கும் இருக்கு. பெட்டியெல்லாம் அங்க கிடக்கு..."

"பெட்டி கிடக்கட்டும். நட."

படிக்கட்டுச் சந்துகள் வழியாக இறங்கினார்கள். ஏறும்போது மூச்சு வாங்கின எல்ஸ்பெத் இப்போது முன்னால் போய் வழி விலக்கிக்கொண்டே இறங்கினாள். "நகருங்க, நகருங்க" என்று படம் எடுக்கிறவர்களைத் தள்ளினாள். யாரோ முறைத்தான். "முறைக்காத, போய்ச் சேரு" என்றாள். ரோடா பின்னால் ஒவ்வொரு படியாகப் பார்த்து வைத்தாள். படி தெரிந்தது, அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. கண்ணைத் திறக்கிறான், மூடுகிறான். திறக்கிறான் என்பதைப் பிடித்துக்கொண்டால் மூடுகிறான் என்பது வந்து தட்டிவிட்டது.

ஸ்டேஷன் வாசலில் எல்ஸ்பெத்தின் போன் அடித்தது. படகின் நம்பர். எல்ஸ்பெத் அதைப் பார்த்தாள், எடுக்கவில்லை. பைக்குள் போடப் போனாள்.

"எடு" என்றாள் ரோடா.

"அப்புறம் பேசிக்கறேன்."

"பெத்த பிள்ள கூப்பிடறான், எடுக்கா. இல்லன்னா நான் எடுப்பேன்."

எல்ஸ்பெத் எடுத்து, ரோடாவுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு, "ம்... ம்..." என்றாள். "தெரியும்டா. தெரிஞ்சிடுச்சு. பக்கத்துலதான் இருக்கா." பிறகு போனை நீட்டினாள். "உன்கிட்டப் பேசணுங்கறான்."

காற்றும் எஞ்சின் சத்தமும் நடுவில் நெட்டையின் குரல். அழுதுகொண்டிருந்தான் அந்த ஆறடிப் பையன். "சித்தி, ஒரு நொடிதான் சித்தி. நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டுதான் நின்னோம். ஹெலிகாப்டர் வர்ற வரைக்கும் அவன் தலைய மடியிலதான் வச்சிருந்தேன்."

"பேசினானாடா?"

"திட்டினான் சித்தி. மேல தூக்கறப்ப ஹெலிகாப்டர் ஆளு கயித்த இழுத்துக் கட்டினான், அவன ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். அப்பறம் பேசல."

ரோடாவுக்கு அந்தக் கெட்ட வார்த்தை என்னவென்று தெரியும். வீட்டில் அதற்காக எத்தனையோ தடவை அவனை அடித்திருக்கிறாள். "சரிடா. நீ ஜாக்கிரதையா இரு. அந்த வின்ச் பக்கம் போகாத" என்றாள். சொன்ன பிறகுதான் தெரிந்தது, மனசோடு சொன்னாள் என்று. அது அவளுக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

அபர்டீன் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எல்ஸ்பெத் எங்கேயோ போய் இரண்டு காகிதக் கோப்பையில் டீ வாங்கி வந்தாள். சர்க்கரை மூன்று பங்கு போட்டிருந்தாள். "குடி. ஆறினா நல்லா இருக்காது." ரோடா குடித்தாள். ருசி தெரியவில்லை. போன் மடியில் இருந்தது. அது அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம்.

ரயில் கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் அடித்தது. ஆஸ்பத்திரி நம்பர்.

ரோடாவின் விரல்கள் அசையவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது. எதிர் சீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

எல்ஸ்பெத் குனிந்து மடியிலிருந்து அதை எடுத்துக் காதில் வைத்தாள்.

"ஆமா" என்றாள். "அம்மாதான் பேசறேன்." ரோடாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "ஏப்ரல் ஒம்பது."

அந்தப் பக்கம் பேசிக்கொண்டே போனார்கள். எல்ஸ்பெத் "சரி", "சரி" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ரோடா அவள் முகத்தையே பார்த்தாள். இத்தனை வருஷம் பார்த்த முகம்தான். ஒன்றையும் படிக்க முடியவில்லை.

எல்ஸ்பெத் போனை இறக்கினாள்.

"விமானத்துல ஏத்திட்டாங்களாம். மூச்சு தானா விடறான். நமக்கு முன்னாடியே அங்க வந்துடுவானாம். தண்ணி கேட்டானாம், ஆபரேஷன் இருக்குன்னு குடுக்கலையாம். நர்ஸையும் திட்டியிருக்கான்."

"என்னன்னு திட்டினான்?"

எல்ஸ்பெத் எதிர் சீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குனிந்து ரோடாவின் காதில் அந்த வார்த்தையைச் சொன்னாள்.